கம்பெனியிடம் கைநீட்டாத சாமி

மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் யோகப்பிரியாவின் கையில் இரண்டு வேலைகள் இருந்தன. பதினான்கு மாதமாக ஒன்றுமில்லாமல் இருந்தவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டும் வந்து விழுந்தன. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கருங்கல்மடையில் மழையும் அப்படித்தான் பெய்யும். இரண்டு இடத்துக்கும் அன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றுக்கு ஆமென்றால் மற்றதற்கு இல்லையென்றாக வேண்டும்.

ஒன்று கஞ்சிக்கோட்டில் உள்ள வெண்முகில் ஃபுட்ஸ். புட்டுமாவிலிருந்து நேந்திரங்காய் வறுவல் வரை பாக்கெட்டில் அடைத்து ஏழு நாடுகளுக்கு அனுப்பும் பெரிய கம்பெனி. மற்றது இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரையில் ஜோஜோ என்பவர் நடத்தும் ஏலக்காய் ஸ்டோர். அந்தப் பக்கம் ஸ்டோர் என்றால் கடையல்ல; பச்சை ஏலக்காயை உலர்த்தி, ரகம் பிரித்து, சாக்கில் கட்டி அனுப்பும் இடம். சம்பளத்தில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. தூரத்தில் உண்டு. கஞ்சிக்கோட்டுக்கு ஒரு மணி நேரம் போதும், ராத்திரிச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனைக்கரைக்குப் பொள்ளாச்சி, தேனி, கம்பம், குமுளி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதம் இரண்டு வேளைக்குத் தீர்ந்துபோகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். யாரையும் கேட்காமலே சொல்லிக்கொண்டுமிருந்தார்கள். யோகப்பிரியா மட்டும் மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஆறுமுகசாமிக்கும் சுப்பாத்தாளுக்கும் ஒரே பெண். கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்து, கோயமுத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் முடித்தவள். ஒன்பது வயதில் கடையில் வாங்கின பிஸ்கட் பாக்கெட்டில் தேதி முடிந்துவிட்டதென்று திருப்பிக் கொடுக்கப் போனாள். கடைக்காரர், "பிஸ்கட்டுக்கென்ன அம்மிணி ஜாதகமா பாக்கறே?" என்றார். அன்று பிடித்த வழக்கம் அது. எதைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பார்த்து எழுத்தைப் படிப்பாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் "ஆபீசர் வந்தாச்சு, பலகாரத்தை உள்ளே எடுத்து வை" என்பார்கள். ஒரு நிச்சயதார்த்தத்தில் பால்கோவாவை மோந்து பார்த்துவிட்டு, "இதப் போடாதீங்க" என்றாள். போட்டார்கள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பதினேழு பேர் சொம்பும் கையுமாக ஒரே வரிசையில் நின்றார்கள். விசாரணையில் பால்கோவா விடுதலையானது. நல்ல காரியத்தில் அபசகுனமாக வாயைத் திறந்தவள் மேல்தான் குற்றம் நிரூபணமானது.

படிப்பு முடிக்கும்போது வேலை வாங்கித் தருவதற்கான பயிற்சி என்று ஒருவர் கல்லூரிக்கு வந்தார். "சம்பளத்தை எல்லாக் கம்பெனியும் குடுக்கும். மனசு எந்தக் கம்பெனிக்கு இருக்குன்னு பாருங்க. அவங்க சி.எஸ்.ஆர். ரிப்போர்ட்டைப் படிங்க" என்றார். லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டுமென்று பெரிய கம்பெனிகளுக்குச் சட்டமே இருப்பதை விளக்கி, நேர்முகத் தேர்வில் "ஏன் எங்கள் கம்பெனி?" என்று கேட்டால் சம்பளம், பஸ் வசதி என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டாம் என்று எச்சரித்தார். மற்ற பிள்ளைகள் பதிலை மனப்பாடம் செய்தார்கள். யோகப்பிரியா அதை நம்பிவிட்டாள். அவளிடமுள்ள குறையே அதுதான். அச்சில் இருப்பதையெல்லாம் படிப்பாள். வெண்முகில் ஃபுட்ஸின் சமூகப் பொறுப்பு அறிக்கை, வழவழப்பான தாளில் எண்பத்துநாலு பக்கம், மூன்று முறை படித்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் ஊர்ப் பள்ளிக்கூடம் இருந்தது.

அதில் பொய்யில்லை. கருங்கல்மடைப் பள்ளிக்கூடத்தில் வெண்முகில் கட்டிய கழிப்பறையில் தண்ணீர் வந்தது. வீதி முனையில் வைத்த சோலார் விளக்கு எரிந்தது. குடிதண்ணீர்க் குழாய் சொட்டவில்லை. கண் முகாமில் அறுத்த கண்கள் தெரிந்தன. குறை சொல்லியே பழகின ஊருக்கு இது பெரிய சங்கடமாகத்தான் இருந்தது.

வெண்முகில் நேர்முகத்தில் ஆனந்தகுமார் என்ற அதிகாரி பன்னிரண்டு கேள்வி கேட்டார். ஆள் எடுப்பதும் அவர்தான், சமூகப் பொறுப்பும் அவர்தான். பதினொன்று சமூகத்தைப் பற்றியது, ஒன்று அவள் படிப்பைப் பற்றியது. அவர் காட்டிய நியமனக் கடிதத்தில் "தரக் கட்டுப்பாடு மற்றும் சமுதாய ஈடுபாடு" என்று பதவிப் பெயர் இருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு சேவை. "விருப்பத்தின் பேரில், தவறாமல்" என்று போட்டிருந்தது. லேபில் எத்தனை நாள் என்று கேட்டாள்.

"ஆரம்பத்துல ரெண்டு நாள் லேப், மூணு நாள் ஃபீல்டு" என்றார் ஆனந்தகுமார். பிறகு மிகுந்த அன்போடு, "உங்களுக்கு முகவெட்டு இருக்கு, நல்லாப் பேசறீங்க. போகப் போக லேபே இல்லாமப் பண்ணிரலாம், கவலைப்படாதீங்க" என்றார்.

ஆனைக்கரையில் ஜோஜோவும், ஸ்டோரில் சரக்கு பரிசோதனையைப் பார்க்கும் பின்சி என்ற பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் பாதி உலர்ந்த ஏலக்காய் கொட்டிக் கிடந்தது. யோகப்பிரியா தன் முறை வந்ததும் பயிற்சியில் சொன்னபடி, "உங்க சி.எஸ்.ஆர். என்னங்க?" என்று கேட்டாள்.

ஜோஜோ மேசையிலிருந்த ஒரு காயை நகத்தால் உரித்தார். "அந்தச் சட்டமெல்லாம் பெரிய ஆளுகளுக்கு மோளே. நமக்கு அந்த அளவுக்கு லாபமில்ல."

"லேடீஸ் பாத்ரூமுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாச்சு சார், அதைச் சொல்லட்டா?" என்றாள் பின்சி.

ஜோஜோ அவளை முறைத்துவிட்டு யோகப்பிரியா பக்கம் திரும்பினார். "முன்னே இந்த வேலையில இருந்த பெண்கொச்சு ஒரு லாட்டை நிறுத்திச்சு. ஏலத்துல நான் எடுத்த சரக்கு. பச்சை தெரியறதுக்கு எவனோ சாயம் ஏத்தியிருக்கான், எனக்குத் தெரியல. அவ கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. கப்பல் தேதி போச்சு. மூணு நாள் நான் அவகிட்ட மிண்டல."

"அப்புறம் பேசினீங்களா?"

"இல்ல. கல்யாணமாகிப் போன அன்னிக்குத்தான் பேசினேன்."

"அந்த லாட்டு கடைசி வரைக்கும் போகல. அதைச் சொல்லுங்க சார்" என்றாள் பின்சி.

திரும்பி வரும்போது எட்டு மணி நேரமும் யோகப்பிரியா அந்த லாட்டையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்குத் தனபால் வந்தார். சுப்பாத்தாளின் தம்பி, வார்டு மெம்பர். ஃபோனை நீட்டினார். அதில் யோகப்பிரியா ஆறடி உயரத்தில், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படத்தில், பட்டுச் சேலையோடு நின்றாள். மேலே "கருங்கல்மடையின் மகள், வெண்முகில் குடும்பத்தில்" என்று எழுதியிருந்தது.

"ஃபிளெக்ஸ் பஸ் ஸ்டாப்புல ஏறியாச்சு அம்மிணி. சாயங்காலம் நாலு மணிக்கு அங்கன்வாடிக் கக்கூஸ் திறப்பு. டைரக்டரே வர்றாரு. மேடையில வெச்சு உனக்கு லெட்டர் குடுக்கறாங்க."

"மாமா, நான் இன்னும் முடிவு சொல்லலீங்க."

தனபால் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். "என்ன முடிவு? அடுத்த மாசம் குளம் தூர் வாரித் தர்றேன்னிருக்காங்க. இந்த ஊர்ல இருந்து பத்துப் பேரை எடுக்கறதுன்னு அவங்க கணக்கு. ஒம்பது ஆச்சு. நீ பத்து. நீ பாட்டுக்கு இல்லீன்னா அந்த மனுசங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது? குளம் நின்னு போச்சுன்னா ஊரு ஆரைச் சொல்லும்?"

"ஏன் தம்பி, அவ எங்க இல்லீங்கறா" என்று சுப்பாத்தாள் சமாதானம் சொன்னாள். மகளைப் பார்க்காமல் சொன்னாள்.

தனபால் போனபின் ஆறுமுகசாமி தேங்காய் எண்ணுகிறவர் போல விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் இந்தக் குடும்பம் எல்லாச் சிக்கலுக்கும் செய்கிறதையே செய்வதென்று தீர்மானித்தார்: சாமியிடம் பூ கேட்பது. வெள்ளைப் பூ ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனிப் பொட்டலமாக மடித்து சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். கிணறு வெட்டினது, வரன் பார்த்தது, ஆம்னி வேன் வாங்கினது எல்லாம் அப்படிக் கேட்டுத்தான்.

"மாரியம்மன் கோயலுக்குப் போலாமுங்க" என்றாள் சுப்பாத்தாள்.

ஆறுமுகசாமி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். "அங்க வேண்டாம்."

"ஏனுங்க?"

"கோயல் வாசல்ல குழாய் ஆரு போட்டது? லைட்டு ஆரு போட்டது? உக்கார்ற பெஞ்சு ஆரு போட்டது? எல்லாம் வெண்முகிலு. அந்த ஆத்தாகிட்டப் போயி வெண்முகிலா, வேற கம்பெனியான்னு கேட்டா, அவ மனசுல என்ன இருக்கும்?"

ஆறுமுகசாமி நியாயஸ்தர். வாய்க்கால் தகராறில் தன் பங்காளிக்குப் பாதகமாகவே சாட்சி சொன்னவர். தீர்ப்புச் சொல்கிறவர் எந்தக் கட்சியிடமும் ஒரு வாய் மோர்கூட வாங்கிக் குடித்திருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. சாமிக்கு மட்டும் விலக்குக் கொடுப்பதாக இல்லை. சந்தேகத்தின் பலனைத் தருவதற்காகப் பூசாரி நல்லமுத்துவிடம் போய் விசாரித்தார்கள்.

"கோயலுக்குன்னு செய்யச் சட்டம் இடங்குடுக்காதாமுங்க. அதான் பெஞ்சைச் செவுத்துக்கு நாலடி தள்ளிப் போட்டிருக்காங்க" என்றார் நல்லமுத்து. பிறகு நேர்மையாக, "சாமிக்கு ஒண்ணுங் குடுக்கலீங்க. எனக்குத்தான் கண்ணு குடுத்தாங்க. இப்பத்தான் சாமி மொகமே நல்லாத் தெரியுது" என்றும் சொன்னார்.

ஆறுமுகசாமி வேனைக் கிளப்பினார். மணி பதினொன்றரை.

பள்ளிக்கூடத்தடிப் பிள்ளையார் கோயில் சுவரில் "கை கழுவுவோம்" என்று வெண்முகிலின் மேகச் சின்னத்தோடு எழுதியிருந்தது. இறங்காமலே திரும்பினார்கள். கரட்டு முருகன் கோயில் படிக்கட்டில் ஏறி நாற்பதாம் படியில் குப்பைத்தொட்டி, எண்பதாம் படியில் குப்பைத்தொட்டி, இரண்டிலும் மேகம். பாதி மலையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "இவனும்" என்றார் ஆறுமுகசாமி. சுப்பாத்தாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யோகப்பிரியாவின் ஃபோன் அடித்துக்கொண்டேயிருந்தது. தனபால் மாமா நான்கு முறை. ஆனந்தகுமார் ஒருமுறை, கூடவே ஒரு செய்தி: மேடைக்கு நீலம் தவிர்த்து வேறு நிறத்தில் வரவும், பின்திரை நீலம். பின்சியிடமிருந்தும் ஒன்று வந்திருந்தது: ஐந்து மணி வரை பார்ப்பேன், அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும், மன்னிக்கவும்.

"அப்பா, மணி ஒண்ணாச்சு. சாமி கெடைக்கலீன்னா என்ன பண்றது?"

"கெடைக்கும். எல்லை தாண்டிப் பாப்போம். கம்பெனி செய்யறதெல்லாம் கேரளாவுக்குள்ளதான். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிட்டா சாமி நடுநிலையா இருக்கும்."

செக்போஸ்டைத் தாண்டி இரண்டு மைலில், தமிழ்நாட்டுக் கொள்ளுக்காட்டின் நடுவே கருப்பராயன் கிடைத்தார். ஒரு கல், ஒரு வேல், ஒரு வேலமரம். குழாயில்லை, விளக்கில்லை, பெஞ்சில்லை, நிழல்கூட அவ்வளவாக இல்லை. ஆறுமுகசாமியின் முகம் தெளிந்தது. பொட்டலம் எடுக்க வெளியாள் ஒருத்தி இருந்தால் நல்லதென்று பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். அவள் வந்து, புதுக் கண்ணாடி வழியாக எல்லோரையும் பார்த்தாள்.

"கண்ணாடி எங்கீங்க வாங்கினீங்க?" என்று யோகப்பிரியா கேட்டாள்.

"கருங்கல்மடையில முகாம் போட்டாங்கல்லங்க, அங்கதான் சும்மா குடுத்தாங்க. எல்லை தாண்டின ஆளுன்னு ஒண்ணும் பாக்கலீங்க, தங்கமான கம்பெனி."

ஆறுமுகசாமி அவளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். பொட்டலம் மடிக்கச் செய்தித்தாளை எடுத்தவர், விளம்பரமில்லாத பக்கமாகத் தேடிக் கிழித்தார். இனி ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு பொட்டலத்தையும் கல்லின் முன்னால் போட்டு, "கருப்பராயா, ஆருகிட்டயும் கைநீட்டாதவன் நீ. என்ற புள்ளைக்கு எது நல்லதோ அதக் காட்டு" என்று கும்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

செவ்வரளி.

மூவரும் அதைப் பார்த்தார்கள். சுப்பாத்தாள்தான் முதலில் கேட்டாள்.

"செகப்புன்னா எந்தக் கம்பெனிங்க?"

இத்தனை வருஷமாக அந்தக் குடும்பம் கேட்டதெல்லாம் ஒற்றைக் கேள்விகள். கிணறு வெட்டலாமா? வெள்ளை வந்தால் வெட்டு, சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டில் எது என்று கேட்கும்போது இன்ன பூவுக்கு இன்ன கம்பெனி என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சாமியின் நடத்தையை மூன்று கோயில் ஏறி இறங்கி விசாரித்தவர் கேள்வியைச் சொல்ல மறந்துவிட்டார்.

"செகப்புன்னா வேண்டாம்னுதானே?" என்றாள் சுப்பாத்தாள். "ஆனக்கரை வேண்டாங்குது."

"கஞ்சிக்கோடு வேண்டாங்குதோ என்னமோ."

"நீங்க மனசுல எத நெனச்சு எடுத்தீங்க?"

"எடுக்கறப்பவா?" ஆறுமுகசாமி கல்லைப் பார்த்தார். "திரும்பிப் போறதுக்கு வேன்ல பெட்ரோல் இருக்குமான்னு நெனச்சன்."

"மறுக்கா கேளுங்க."

"ஒரு நாள்ல ஒரே சாமிகிட்ட ரெண்டு தடவை கேக்கக்கூடாது. அது சொல்லீருச்சு. நமக்குத்தான் தெரியல."

மணி இரண்டே முக்கால். "எனக்கு ஆனக்கரைதானுங்கப்பா" என்றாள் யோகப்பிரியா.

"சாமி முன்னால நிக்கறப்ப நீ எதுக்குக் குறுக்க பேசறே?" என்றாள் அம்மா.

"வெண்முகில் நல்ல கம்பெனிதாம்மா. அவங்க செஞ்சதெல்லாம் நெசம்தான். அதப் படிச்சுட்டுத்தான் அங்க போகோணும்னு நெனச்சேன். ஆனா அவங்க நல்லது செய்யறதப் பத்தி நாலு ஊருக்குப் போயிச் சொல்றதுக்குத்தான் என்னைக் கூப்பிடறாங்க. நான் படிச்சது சரக்கு நல்லா இருக்குதா, கெட்டிருக்குதான்னு பாக்கறதுக்கு. ஆனக்கரையில நான் வேண்டாம்னா வேண்டாம். மூணு நாள் பேசாம இருப்பாரு. இருந்துட்டுப் போறாரு."

"அஞ்சு பஸ்ஸு" என்றாள் சுப்பாத்தாள். "காச்சல்னு படுத்தா ஆரு வந்து பாப்பா? எனக்குக் குளமும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். பொழுதோட ஊட்டுக்கு வந்து சோறு திங்கற தூரத்துல நீ இருந்தாப் போதும்னு நெனச்சேன். அதுக்கும் குத்தம்."

யாரும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. ஆறுமுகசாமி செவ்வரளியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வேன் கதவைத் திறந்தார். "தனபாலுகிட்ட நீதான் சொல்லோணும் அம்மிணி. நான் சொன்னா அது என்ற பேச்சாப் போயிரும். பக்கத்துல நிக்கறேன்."

அங்கன்வாடி வாசலில் பந்தல் போட்டு, நீலத் திரை கட்டி, கழிப்பறைக் கதவுக்கு ரோஜாநிற ரிப்பன் கட்டியிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் ஆறடி யோகப்பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் கீழே நின்ற ஐந்தடி யோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேடைக்குப் பின்னால் ஆனந்தகுமாரும் தனபாலும் மாலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றே முக்காலுக்கு அவள் சொன்னாள். இரண்டே வாக்கியம்.

தனபாலின் முகம் கறுத்தது. "கேட்டீங்களா மச்சான் உங்க புள்ள பேசறத? குளம் போச்சுன்னா போகட்டுமா?"

"குளத்தையும் என்ற புள்ளையையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டாதீங்க மாப்ளே" என்றார் ஆறுமுகசாமி. சத்தம் போடவில்லை. ஆனால் நகரவுமில்லை.

ஆனந்தகுமார் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அவளைத் தனியாக இரண்டடி தள்ளிக் கூப்பிட்டு, தணிந்த குரலில், "வேலை வேண்டாம்னா பரவால்லம்மா, அது உங்க இஷ்டம். மேடைக்கு மட்டும் வந்துருங்க. கவரை வாங்கிட்டு ஒரு ஃபோட்டோ. உள்ள லெட்டர் வெக்கல, வெறுங்கவர்தான். திங்கக்கிழமை நீங்க வராட்டி யாரும் கேக்க மாட்டாங்க. முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள உள்ளூர் ஆள் பத்துன்னு ரிப்போர்ட் போயாகணும். குளமும் வரும், உங்க மாமாவுக்கும் மரியாதை. யாருக்கு நட்டம் சொல்லுங்க" என்றார்.

யாருக்கும் நட்டமில்லாத யோசனைதான். யோகப்பிரியா பந்தலைப் பார்த்தாள். ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த டீச்சர் முன்வரிசையில் இருந்தார். ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தால் போதும். வெறுங்கவருக்கு எடையே கிடையாது.

"ரிப்போர்ட்ல என்ற படம் வருமுங்களா?"

"கண்டிப்பா. முழுப் பக்கம்."

"அதப் படிச்சுட்டு என்னையாட்ட ஒருத்தி உங்ககிட்ட வேலைக்கு வருவாளுங்க சார்" என்றாள். "முடியாதுங்க."

டைரக்டரின் கார் வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய ஆளிடம் பட்டியலைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. குத்துவிளக்கு ஏற்றி, ரிப்பன் வெட்டி, வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டி முடிந்தபின் மைக்கில், "அடுத்ததாக, நம் கருங்கல்மடையின் மகள், செல்வி யோகப்பிரியா அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று கேட்டது. கைதட்டினார்கள். அவள் பந்தல் ஓரத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி அழைத்தார்கள். கைதட்டல் மெலிந்தது. மூன்றாம் முறை அழைத்தபோது எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. தட்ட ஒரு கைகூட மிச்சமில்லை.

"நான் வர்லீங்க" என்றாள். மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்டது. "வேற பக்கம் வேலைக்குப் போறனுங்க."

மைக் மட்டும் கொய்யென்று இரைந்தது. டைரக்டர் பண்பானவர். எழுந்து மேடை விளிம்புக்கு வந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, "எந்தக் கம்பெனிம்மா?" என்று கேட்டார். சொன்னாள். அவர் கேள்விப்பட்டதில்லை. "அவங்க என்ன சி.எஸ்.ஆர். பண்றாங்க?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"அப்புறம் எதுக்கு அங்க?"

"அங்க வேலை இருக்குதுங்க."

டைரக்டர் தலையை ஆட்டினார். புரிந்ததா, மரியாதைக்கா என்று தெரியவில்லை. ஆனந்தகுமார் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நேரங்கருதி நன்றியுரைக்குப் போவதாக அறிவித்தார். கூட்டம் கலையும்போது யாரும் அவளைத் திட்டவில்லை. அவளைச் சுற்றி ஓரடி இடம் விட்டு நடந்தார்கள். தனபால் மாமா முறுக்குத் தட்டோடு பக்கத்தில் வந்து, பார்க்காமல் தாண்டிப் போனார். குளத்தைப் பற்றி இனி ஆனந்தகுமார் என்ன எழுதுவார் என்பது யாருக்கும் தெரியாது. வராமல் போனால் வருஷம் முழுக்க எந்தப் பெயரைச் சொல்வார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேனுக்குள் உட்கார்ந்து வெண்முகிலுக்கு மறுப்பு எழுதி அனுப்பினாள். ஆனைக்கரைக்கு எழுத ஆரம்பித்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. எழுதுவதை விட்டுவிட்டு ஃபோன் போட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் முழுக்க அடித்து நின்றது. மூன்றாவதில் டிரையர் இரைச்சலுக்கு நடுவே பின்சியின் குரல் வந்தது.

"அடுத்த ஆளோட நம்பரைத்தான் எடுத்து வெச்சிருந்தேன். வர்றியோ இல்லையோ?"

"வர்றேன் மேடம்."

"திங்கள் காலைல ஏழு மணி. ஸ்வெட்டர் கொண்டு வரணும் கேட்டோ. சாருக்கு இன்னிக்கு நல்ல மூடு இல்ல, அதைப் பாக்கண்டா. அப்புறம், உள்ளே செருப்புப் போட்டு வரக்கூடாது, ஷூ இங்கயே தரும். ஷூ நம்பர் சொல்லு."

யோகப்பிரியா தன் காலைப் பார்த்தாள். "ஆறு" என்று சொல்ல வாயெடுத்தாள்.

பின் சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி, கருப்பராயன் கோயிலிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்திருந்த சுப்பாத்தாள் சொன்னாள்: "ஏழுன்னு சொல்லு. அந்தக் குளுருக்குக் கம்பளிச் சாக்ஸ் போட்டாக் கொள்ளோணும்."

"ஏழுங்க மேடம்" என்றாள் யோகப்பிரியா.